எக்கோ அறிக்கையில் ஒரு வரி

துறையூர்ப் பக்கத்தில் முன்பெல்லாம் இதயத்துக்கு இரண்டே நிலைகள்தான் இருந்தன என்பது என் நினைவு. மனிதர் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பார். அல்லது நெஞ்சுவலி என்று திருச்சிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். நடுவில் எதுவும் கிடையாது. படபடப்பு வந்தால் வாயு என்பார்கள், மூச்சு வாங்கினால் உடம்பில் ரத்தம் பத்தவில்லை என்பார்கள். அந்த இரண்டாவது தீர்ப்பு பல நேரம் சரியாகவும் இருந்தது. எக்கோ கருவி பரவலான பிறகு நடுவில் மூன்றாவதாக ஒரு நிலை வந்து உட்கார்ந்துகொண்டது. மருந்து இல்லை, அறுவை இல்லை, படுக்கை இல்லை. ஆனால் அறிக்கையில் ‘மைல்டு எம்.ஆர்.’ என்று ஒரு வரி. மைட்ரல் வால்வில் லேசான கசிவு என்பது அதன் பொருள். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி மண்ணச்சநல்லூர், புலிவலம் தாண்டி ஊர் வந்து சேர்வதற்குள் அந்த வரி ‘ஹார்ட்டுல வால்வு லீக்’ ஆகிவிடும். மறுநாள் தெருவில் அது ‘இதயத்துல ஓட்டை’ ஆகியிருக்கும். இந்தப் பயத்தை உள்ளிருந்து அறிந்தவர்களில் நானும் ஒருவர் என்பதால், அதைப் பற்றி யோசித்து எட்டிய முடிவைச் சொல்ல விரும்புகிறேன். லேசான வால்வு கசிவு உள்ள பெரும்பாலோருக்கு, கசிவைவிட அதன் பெயரைக் கேட்டதால் வரும் பயம்தான் அதிக நோவைத் தருகிறது. அந்தப் பயத்தை ‘ஒன்றுமில்லை’ என்ற ஆறுதலால் தீர்க்க முடியாது. எவ்வளவு, எதுவரை, எப்போது என்ற அளவுகள் தெரிந்தால்தான் அது அடங்கும்.

முதலில் கசிவைப் பார்ப்போம். ஏரிப் பாசனத்துக்காரர்களுக்கு வால்வை விளக்குவது எளிது. மதகுப் பலகையை இறக்கிய பிறகும் ஓரத்தில் நூல் போலத் தண்ணீர் ஒழுகும். அதற்காக மதகு உடைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மைட்ரல் வால்வு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிறது. மூடும்போது கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிப் போவது நலமாக வாழ்கிறவர்களிடமும் காணப்படுவதுதான். அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இதய ஆய்வு 1999-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. பெரும்பாலும் நடுவயதினரான பொதுமக்களை எக்கோவில் பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு லேசான அளவிலோ அதற்கு மேலோ மைட்ரல் கசிவு இருந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பகுதியில் 65 வயது கடந்த 2,500 பேரைப் பரிசோதித்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், அதுவரை தெரியாமலிருந்த ஏதோ ஒரு வால்வுக் குறை பாதிப் பேருக்கு இருந்தது. அதில் மிகப் பெரும் பகுதி லேசானது. கருவி இல்லாத காலத்திலும் இந்தக் கசிவுகள் இருந்திருக்கும். நம் பாட்டன், பாட்டிமார் பலர் அதோடுதான் நாற்று நட்டார்கள், பச்சைமலை ஏறி இறங்கினார்கள், முதுமை கண்டு போனார்கள்.

ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1953-இல் இங்கெ எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் ஒலியலையால் இதயத்தைப் பார்க்கத் தொடங்கியபோது, அவர்கள் தேடியதே மைட்ரல் வால்வு நோயைத்தான். கப்பல் கட்டும் தொழிலில் உலோகத்தின் உள்விரிசலைக் கண்டுபிடிக்கும் கருவியை அதற்காக இரவல் வாங்கினார்கள். 1980-களில் வண்ண டாப்ளர் வந்தது. ரத்தம் ஓடும் திசை சிவப்பாகவும் நீலமாகவும் திரையில் தெரிந்தது. காதுக்கு எட்டாத கசிவும் இப்போது கண்ணுக்கு எட்டியது. இது மருத்துவத்துக்குக் கிடைத்த பெரும் கொடை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நோய் என்று எண்ணிவிடும் பழக்கமும் அதோடு சேர்ந்து வந்தது. மைட்ரல் வால்வின் இதழ் பின்னோக்கி லேசாகச் சரியும் நிலையின் வரலாறு இதற்குச் சரியான சாட்சி. தென்னாப்பிரிக்காவில் ஜான் பார்லோ 1960-களில் அதைத் தெளிவாக அடையாளம் காட்டினார். அடுத்த இருபது ஆண்டுகளில் எக்கோ எடுத்த இளம்பெண்களில் பலருக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது. படபடப்பு, நெஞ்சுக் குத்தல், மயக்க உணர்வு, பீதி எல்லாம் அந்த வால்வின் கணக்கில் எழுதப்பட்டன. 1980-களின் பிற்பகுதியில் பாஸ்டனில் ராபர்ட் லெவின் குழுவினர் ஒன்றைக் காட்டினார்கள்: வால்வைத் தாங்கும் வளையம் தட்டையானதன்று, சேணம் போல வளைந்தது, அதனால் ஒரு கோணத்தில் பார்த்தால் சரியாத இதழும் சரிந்ததாகத் தோன்றும். அளவுகோல் திருத்தப்பட்டது. ஃபிராமிங்காமில் மறுபடி எண்ணியபோது உண்மையான சரிவு நூற்றில் இரண்டு மூன்று பேருக்குத்தான் இருந்தது. நெஞ்சுவலியும் மூச்சிரைப்பும் அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக இல்லை. அப்படியானால் அந்த இருபது ஆண்டுகளில் ‘எனக்கு வால்வு சரியில்லை’ என்று அஞ்சி வாழ்ந்தவர்களில் பலருக்கு இருந்தது வால்வு நோயே அன்று.

இன்னும் பின்னால் போனால், எக்கோ கண்டுபிடிக்கப்படாத காலத்திலேயே இந்தப் பயம் இருந்திருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பு, மூச்சிரைப்பு, நெஞ்சுவலி என்று வந்த நூற்றுக்கணக்கான சிப்பாய்களைப் பற்றி மருத்துவர் ஜேக்கப் டா கோஸ்டா 1871-இல் எழுதினார். அவர்களில் பெரும்பாலோருடைய இதயத்தில் குறை எதுவும் காணக் கிடைக்கவில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டன் படையிலும் அதே கதை. ஸ்டெதஸ்கோப்பில் ஒரு முணுமுணுப்பு கேட்டுவிட்டால் வால்வு நோய் என்று முத்திரை குத்திப் படுக்க வைத்தார்கள். படுக்கப் படுக்க அவர்கள் இன்னும் பலவீனமானார்கள். முணுமுணுப்பு மட்டுமே ஒருவரை நோயாளி ஆக்காது, அந்த இதயம் எவ்வளவு வேலை தாங்குகிறது என்று பாருங்கள் என இதய மருத்துவர் ஜேம்ஸ் மெக்கன்சி விடாமல் வாதாடினார். அவருடைய வழி வந்த தாமஸ் லூயிஸ் அந்தச் சிப்பாய்களைப் படிப்படியாகக் கூட்டிய உடற்பயிற்சியில் ஈடுபடுத்தி, பலரை வேலைக்குத் திருப்பினார். நூறு ஆண்டுக்கு முந்தைய இந்தச் செய்தியை நான் இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது. இதயம் தாங்கும் என்பதை அந்தச் சிப்பாய்கள் சொல்லிக் கேட்டு நம்பவில்லை. இன்று இவ்வளவு தூரம், நாளை அதைவிடக் கொஞ்சம் கூட என்று அளந்து நடந்து பார்த்து நம்பினார்கள்.

பெயர் வைப்பதாலேயே தீங்கு வரும் என்பதற்கு இரண்டு ஆய்வுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. சியாட்டிலில் ஆபிரகாம் பெர்க்மனும் ஸ்டான்லி ஸ்டாமும் 1967-இல் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். இதய நோய் உண்டு என்று வீட்டிலும் பள்ளியிலும் நம்பப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதய நோயே இல்லை. என்றோ ஒரு மருத்துவர் கேட்ட தீங்கில்லாத முணுமுணுப்புதான் இருந்தது. ஆனாலும் அவர்களில் கணிசமானவர்களை ஓடாதே, ஆடாதே என்று கட்டிப்போட்டிருந்தார்கள். உண்மையான இதய நோய் அந்தச் சமூகத்துப் பிள்ளைகளை முடக்கியதைவிட, இல்லாத இதய நோய் அதிகமாக முடக்கியிருக்கிறது என்று அவர்கள் கணித்தார்கள். மற்றொன்று கனடாவின் ஹாமில்டனில் எஃகு ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி 1978-இல் வந்தது. உங்களுக்கு ரத்த அழுத்தம் உண்டு என்று புதிதாகச் சொல்லப்பட்டவர்கள், அதற்குப் பிறகு உடல்நலமில்லை என்று வேலைக்கு வராத நாட்கள் பெருகின. மாத்திரை சாப்பிடாதவர்களிடமும் அப்படித்தான். உடம்பு நேற்று இருந்தபடியே இருந்தது. தன் உடம்பைப் பற்றிய அவர்கள் எண்ணம் மாறிவிட்டது.

நம் ஊரில் இந்தத் தீங்கு என்ன உருவம் எடுக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. புரட்டாசிச் சனிக்கிழமையில் துறையூர்ப் பெருமாள்மலை படிகளில் ஏறிக்கொண்டிருந்தவர், எக்கோவுக்குப் பிறகு வண்டிப் பாதையில் போகிறார்; அடுத்த ஆண்டு போவதையே நிறுத்துகிறார். படிகள் ஆயிரத்துக்கும் மேல். அதை ஏறிக்கொண்டிருந்த இதயத்துக்கு அதைவிடச் சிறந்த சோதனை எந்த ஆய்வகத்திலும் கிடையாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நடை குறைந்தால் எடை கூடும், அழுத்தம் கூடும், சிறு வேலைக்கும் மூச்சு வாங்கும். அந்த மூச்சிரைப்பை வைத்தே ‘பார்த்தாயா, வால்வு முத்திவிட்டது’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கொடியது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தச்சோகை இருக்கிறது. படபடப்பும் களைப்பும் மூச்சிரைப்பும் ரத்தச்சோகையின் முதல் அடையாளங்கள்; தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் அதே படபடப்பு. வால்வு என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எல்லாம் அதன் தலையில் விழுகிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. இரும்புச்சத்து மாத்திரையில் தீர வேண்டிய களைப்பு, இதயப் பயமாக வருடக்கணக்கில் நீள்கிறது.

கல்யாணம் பேசும் வயதில் பெண்ணுக்கு அந்த வரி வந்துவிட்டால் வீடு என்ன செய்யும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அறிக்கை பீரோவுக்குள் போய்விடும். ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்று அவளுக்கு உத்தரவாகும். அந்த ரகசியத்தைச் சுமக்கிற பெண்ணுக்கு நெஞ்சு படபடக்காமல் எப்படி இருக்கும்? பிறகு பிரசவ காலத்தில் மருத்துவரிடமும் மறைக்கிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வால்வு கசிவதும் வால்வு சுருங்குவதும் வெவ்வேறு. லேசான கசிவைக் கர்ப்பகால உடம்பு பொதுவாக நன்றாகவே தாங்கும். மைட்ரல் வால்வு சுருக்கம் அப்படியன்று, அது கர்ப்பத்தில் உயிருக்கே வினையாகலாம். தன்னிடம் இருப்பது இரண்டில் எது என்று அந்தப் பெண்ணுக்கும் தெரிய வேண்டும், பிரசவம் பார்ப்பவருக்கும் தெரிய வேண்டும். பயம் இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டையுமே மறைத்துவிடுகிறது.

இவ்வளவையும் கேட்ட ஒருவர், அப்படியானால் மருத்துவர்கள் ‘ஒன்றுமில்லை, பயப்படாதீங்க’ என்று சொல்வது சரிதானே என்பார். நல்ல மனத்தோடு சொல்லப்படும் சொல்தான் அது. ஆனால் அது வேலை செய்வதில்லை. ‘ஒன்றுமில்லை’ என்ற வாயே அடுத்த நொடியில் ‘ஒரு வருஷம் கழிச்சு எக்கோ எடுத்துப் பாருங்க’ என்கிறது. ஒன்றுமில்லாததை எதற்கு மறுபடி பார்க்க வேண்டும் என்று நோயாளி வீடு போகும் வழியெல்லாம் யோசிப்பார். தவிர, படபடப்பு என்னவோ நிஜம். பயந்தவர் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது, துடிப்பு வேகமாகிறது, இடையிடையே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து நெஞ்சில் குதித்தது போல இருக்கிறது. எல்லோருக்கும் வருகிற அந்த உபரித் துடிப்பை மற்றவர்கள் கவனிப்பதில்லை. இவர் நாடியில் விரல் வைத்துக் காத்திருந்து கவனிக்கிறார். பிரிட்டிஷ் உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸும் மனநல மருத்துவர் ஹிலரி வார்விக்கும் 1986-இல் இதைக் கூர்ந்து எழுதினார்கள். நோய்ப் பயம் உள்ளவருக்கு ஆறுதல் கேட்டவுடன் நெஞ்சு இறங்கும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ பயம் திரும்பும். மறுபடி ஆறுதல் தேடுவார். இந்தச் சுழற்சியே பயத்தை வாழவைக்கிறது. இரவில் பத்துத் தடவை நாடி பார்ப்பது, வாரம் ஒரு ஈ.சி.ஜி., மூன்று ஊர் டாக்டரிடம் மூன்று எக்கோ எல்லாம் அந்தச் சுழற்சியின் படிகள்தான். மூன்று எக்கோவில் ஒன்று ‘டிரிவியல்’ (மிகச் சொற்பம்) என்றும் இன்னொன்று ‘மைல்டு’ என்றும் எழுதும். பார்ப்பவர் கண்ணும் கருவியும் மாறினால் அவ்வளவு வேறுபாடு இயல்பு. பயந்தவருக்கோ அது நோய் வளர்ந்துவிட்டதற்கு ஆதாரம்.

அளவு சொன்னால் நிலைமை வேறு. அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் லேசான மைட்ரல் கசிவுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ போதும் என்கிறது. நடுத்தரக் கசிவுக்கு ஒன்று அல்லது இரண்டு ஆண்டு. கடுமையானதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு. இந்த ஒரு செய்தியிலேயே எவ்வளவு ஆறுதல் இருக்கிறது பாருங்கள்! மருத்துவ உலகமே என் வால்வை ஐந்து ஆண்டு வரை பார்க்காமல் இருக்கலாம் என்கிறது. நான் எதற்காக அதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்? இதழ் சரிவு உள்ளவர்கள் பல் பிடுங்கும் முன் கிருமிக்கொல்லி சாப்பிட வேண்டும் என்ற பழைய விதியை அமெரிக்க இதயச் சங்கம் 2007-இல் கைவிட்டது. அதுவும் பலர் தலையிலிருந்து இறங்க வேண்டிய சுமை. இதோடு எல்லையும் தெரிய வேண்டும். வழக்கமான வேலையிலேயே மூச்சு வாங்கும் அளவு மாதாமாதம் கூடுவது, தலையணை உயர்த்தாமல் படுக்க முடியாமல் போவது, கால் வீங்குவது, நினைவு தப்பி விழுவது, குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென்று இறந்திருப்பது போன்றவை இருந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போக வேண்டும். இல்லையென்றால் தேதி வரும்வரை வாழ்க்கை நடக்கலாம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிக வலுவானது ஒன்று உண்டு. இது அமெரிக்கா அல்ல. இங்கே வால்வு என்றாலே ருமாட்டிக் காய்ச்சலின் நினைவு வருகிறது, அதை லேசென்று விட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்பார்கள். முழுக்க நியாயமான பேச்சு. தொண்டைப் புண்ணில் தொடங்கி மூட்டில் வீக்கமாய்க் கிளம்பி வால்வைத் தின்றுவிட்டுப் போகும் அந்த நோய், நம் மாநிலத்தில் எத்தனையோ இளம் உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இதய அறுவை வளர்ந்ததற்கும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலியத்தான் குழு பல ஆண்டு பாடுபட்டு 1990-இல் முதல் சித்ரா செயற்கை வால்வை ஒரு நோயாளிக்குப் பொருத்தியதற்கும் பின்னால் இருந்த கொடுமை அதுதான். உகாண்டாவில் நடந்து 2022-இல் வெளிவந்த ஆய்வு இந்தத் தரப்புக்குப் பெரும் பலம். எக்கோவில் மட்டுமே தெரிந்த ஆரம்ப ருமாட்டிக் வால்வுக் குறையுள்ள 818 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டார்கள், மறுபாதிக்குப் போடவில்லை. இரண்டு ஆண்டு முடிவில் ஊசி போட்டவர்களில் நோய் முற்றியது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. போடாதவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர். ஆக, லேசானதையும் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளைக் காத்தது தேதி தவறாத ஊசி. வீட்டாரின் பயத்துக்கு அதில் பங்கில்லை. நம்மிடமும் இருபத்தோரு நாளைக்கு ஒரு பெனிடூர் என்ற பென்சிலின் ஊசி என்பது பலருக்குத் தெரிந்த கணக்கு. பயம் மட்டும் இருந்து கணக்கு இல்லாத வீடுகளில் வலிக்குப் பயந்து ஊசி நின்றுபோகிறது. அதனால் ‘இது ருமாட்டிக் வகையா, இல்லையா’ என்பதுதான் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஆம் என்றால் ஊசி, இல்லையென்றால் அடுத்த எக்கோவின் ஆண்டு. இரண்டிலும் மனத்துக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கிறது.

நேற்றுவரை நன்றாக இருந்தவர்கள் திடீரென்று விழுந்து இறக்கிறார்களே என்று இன்னொரு தரப்பு கேட்கும். கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபரில் 46 வயதில் மறைந்தபோது, கர்நாடகத்தின் இதய மருத்துவமனைகளில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. அந்த அச்சம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் நாம் பேப்பரில் படிக்கும் மாரடைப்பு மரணங்கள் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் அடைப்பால் வருபவை. கசிவு வேறு, அடைப்பு வேறு, பிறவி ஓட்டை வேறு. லேசான கசிவு உள்ளவருக்கு மாரடைப்பு பற்றிக் கவலை இருந்தால் அவர் பார்க்க வேண்டியது சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, பீடி சிகரெட். அவற்றில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் வீட்டு வாசலிலேயே பார்த்துச் சொல்ல 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வருகிறது. வால்வையே நினைத்து அஞ்சிக்கொண்டு சர்க்கரையை விட்டுவிட்டவர்கள் நம்மிடையே உண்டு; எனக்கு அதுதான் வருத்தம்.

அளவும் தேதியும் தெரிந்த பிறகும் சிலருக்குப் பயம் இறங்காது. தூக்கம் போய், வேலைக்குப் போக முடியாமல், தனியாக இருக்கவே அஞ்சும் நிலை அது. அதை மனத்திடம் இல்லாமை என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது வைத்தியம் உள்ள ஒரு நோய். இங்கிலாந்தில் பீட்டர் டைரர் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு, இதயப் பிரிவு உள்ளிட்ட மருத்துவமனைப் பிரிவுகளுக்கு வந்த 444 நோய்ப் பயக்காரர்களிடம் நடந்தது. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை சில அமர்வுகள் பெற்றவர்களுக்குப் பலன் இரண்டு ஆண்டு கழித்தும் நின்றது. நாடி பார்ப்பதைப் படிப்படியாகக் குறைப்பது, தவிர்த்துவந்த நடையை மீண்டும் தொடங்குவது, அறிக்கையை ஒரே மருத்துவரிடம் மட்டும் காட்டுவது என்று அதன் வழிகள் எளியவைதான். மாத்திரை தேவைப்படுவோருக்கு அதுவும் உண்டு. மனநல மருத்துவம் எங்கோ சென்னையில் இருப்பதாக நினைக்க வேண்டாம்; தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1997-இல் முதன்முதலாகத் தொடங்கியதே திருச்சி மாவட்டத்தில்தான். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவரிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று கேட்பார்கள். நூறு பேர் உண்மை. அவர்களில் ஒருவர் பயத்தால் அதே ஆண்டில் நாலு தடவை திரும்பி வருவதும் உண்மை. இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் அந்த நாலு வருகை மிச்சம். ஆகவே திருச்சியிலும் துறையூரிலும் எக்கோ பார்த்துச் சொல்லும் மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் இது. அறிக்கையின் அடியில் தமிழில் நாலு வரி எழுதிக் கொடுங்கள்: இது கசிவா, சுருக்கமா; ருமாட்டிக் வகையா, இல்லையா; இவர் என்னென்ன வேலை செய்யலாம்; அடுத்த எக்கோ எந்த ஆண்டு. அறிக்கை வாங்குகிறவர்களும் அந்த நாலு வரியைக் கேட்டு வாங்காமல் அறையை விட்டு எழ வேண்டாம்.